மருதம்பட்டையும் மாத்திரையும்

மாரடைப்புக் கண்டு, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் எனும் வலைக்குழல் பொருத்தப்பெற்று நான் வீடு திரும்பிய மறுநாள், உறவினர் ஒருவர் பை நிறைய மருதம்பட்டையுடன் வந்தார். “இதைக் கஷாயம் வைத்துக் குடியுங்கள், இங்கிலீஷ் மாத்திரைகளை விட்டுவிடுங்கள்” என்றார். அன்பு மிகுந்தவர், அதனாலேயே மறுப்பது கடினமாயிற்று.

எங்கள் ஆயுர்வேத வைத்தியரிடம் சென்றேன். நாடி பார்க்குமுன் அவர் கேட்டது மருத்துவமனைச் சீட்டைத்தான். “இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மாத்திரைகளை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள்” என்றார். புதிதாய்ப் பொருத்திய குழலில் இரத்தம் உறைந்தால் மீண்டும் மாரடைப்பு நேரும், உயிரே போகலாம். மருதம்பட்டை இருதயத்துக்கு உகந்ததென்பது பழங்கொள்கை. சிற்றளவில் ஆராய்ச்சிகளும் நடந்துள்ளன. ஆனால் அம்மாத்திரைகளுக்கு அது ஈடென்று எவரும் நிறுவினாரில்லை.

அப்படியாயின் ஆயுர்வேதத்துக்கு இங்கே இடமில்லையா? உண்டு, நேயர்களே. தேகப்பயிற்சியைத் தன் பலத்தில் பாதியளவே செய்ய வேண்டும் என்று சுசுருதர் விதிக்கிறார். பாதி என்பதை எப்படி அறிவது? மூச்சு வாய்வழியே வரத் தொடங்கினால் அதுவே எல்லை. மருத்துவமனையில் எனக்கு நடைபழக்கிய பெண்மணி கூறியதும் ஏறத்தாழ அதுவே: “நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச்சுத் தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள்.” பிள்ளைகளை மூச்சிரைக்க ஓடவிட்டு வேடிக்கை பார்த்த பள்ளி ஆசிரியனுக்கு இது தாமதமாகக் கிடைத்த பாடம்!

யோகப் பயிற்சியையும் நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். 24 மருத்துவமனைகளில், மாரடைப்புக்கு ஆளான ஏறத்தாழ 4,000 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2020-இல் வெளிவந்தது. யோகம் பயின்றோர் தம் பழைய அலுவல்களுக்குத் திரும்புவதில் முன்னின்றனர். மரணமும் மறு மாரடைப்பும் குறைந்தன என்பது மட்டும் உறுதிப்படவில்லை.

வைத்தியர் எனக்கு விலக்கியவையும் உண்டு. இருமலுக்கு நான் வாயிலடக்கும் அதிமதுரம் முதலாவது. மிகுந்தால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றும். அரிஷ்டங்களும் வேண்டா என்றார். புளிக்கவைத்துச் செய்யப்படுவதால் அவற்றில் தானே மதுசாரம் உண்டாகிறது. பூண்டு குழம்போடு நிற்கட்டும், மருந்தளவில் உண்டால் மாத்திரையோடு சேர்ந்து இரத்தக்கசிவை மிகுவிக்கலாம் என்றார்.

இப்போது இருவரிடமும் ஒரே சீட்டையே காட்டுகிறேன். மருதம்பட்டையையும் அதில் எழுதிக் காட்டியபோது இருதய மருத்துவர் கோபிக்கவில்லை. “சொல்லாமல் குடிப்பவர்களை எண்ணித்தான் எனக்குக் கவலை. அடுத்த பரிசோதனை முடியட்டும், உங்கள் வைத்தியரோடு பேசுகிறேன்” என்றார். அதுவரை பை ஆணியில் தொங்குகிறது. உறவினர் வரும்போதெல்லாம் அதை ஒருமுறை நோக்குகிறார்.