தாடை மூட்டு வலியும் தாமதித்து எடுக்கப்படும் கத்தியும்

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரல் நுனியை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால், தோலுக்கு அடியில் எலும்பு முனையொன்று உருண்டு முன்னால் நகர்வதை எவரும் உணரலாம். கீழ்த்தாடையின் மேல்முனையில் உள்ள அந்தக் குமிழும், மண்டையோட்டின் பக்க எலும்பில் அதற்கெனக் குழிந்துள்ள இடமும் சேருமிடமே தாடை மூட்டு. முழங்கை மூட்டு கதவுக் கீலைப் போல ஒரே அச்சில் மடங்கி நிமிர்வதோடு நின்றுவிடுகிறது. தாடை மூட்டிலோ, குமிழ் முதலில் இருந்த இடத்திலேயே சுழன்று, வாய் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் திறந்த பிறகு குழியை விட்டிறங்கி முன்னோக்கிச் சறுக்குகிறது. இவ்விரு அசைவுகளுக்கும் இடங்கொடுப்பதற்காகக் குமிழுக்கும் குழிக்கும் நடுவே நார்த்திசுவாலான மெல்லிய வட்டு ஒன்று அமைந்துள்ளது. வலமும் இடமுமாக உள்ள இரு மூட்டுகளும் ஒரே எலும்பின் இரு முனைகளில் இருப்பதால், ஒன்று முடங்கினால் மற்றொன்றின் இயக்கமும் கோணலாகிவிடுகிறது.

இந்த மூட்டையும் அதை இயக்கும் தசைகளையும் சார்ந்த வலிகளை மருத்துவர்கள் ஒரே தலைப்பில் தொகுத்துக் கூறினாலும் அவை ஒரே நோயல்ல. நோயாளிகளுள் பலருக்கு உண்மையில் வலிப்பது மூட்டே அன்று. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் பரந்துள்ள மெல்லும் தசைகளே. பகலில் கவனத்தோடோ கவலையோடோ வேலை செய்கையில் தாடையை இறுக்கி வைத்திருப்பதும், உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிப்பதும் இவ்வலியைத் தூண்டுவதாகக் கருதப்படுகின்றன. இன்னொரு வகையில், வட்டு தன் இடத்தை விட்டு முன்பக்கமாக நழுவியிருக்கும். வாயைத் திறக்கையில் குமிழ் அதன்மீது மீண்டும் ஏறும் கணத்தில் ‘டக்’கென்ற ஓசை எழும், ஏற முடியாமல் போனாலோ வாய் பாதியளவிலேயே பூட்டிக்கொள்ளும். மூட்டுத் தேய்மானமும் முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்களும் பிறிதொரு வகை. வளர்ந்தோரில் 100 பேருக்கு 5 முதல் 12 பேர் வரை இத்தொல்லைகளில் ஏதேனும் ஒன்றால் அவதியுறுவதாக மதிப்பிடப்படுகிறது; 20 முதல் 40 வயதுக்குட்பட்ட பெண்களிடம் இது மிகுதி. வலியோ தடையோ இல்லாமல் ஓசை மட்டும் கேட்குமாயின், அதற்குச் சிகிச்சையே தேவையில்லை.

மூட்டுக்கு உணர்ச்சியூட்டும் நரம்புக் கிளையே காதின் முன்பகுதிக்கும் செல்வதால், நோயாளிகளில் கணிசமானோர் முதலில் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமே போகிறார்கள். காதில் குறையொன்றும் இல்லை என்று அறிந்த பின்னரே வாய் மற்றும் முகத்தாடை அறுவை மருத்துவரிடம் வந்துசேர்கிறார்கள். இந்தியாவில் இத்துறையினர் ஐந்தாண்டுப் பல் மருத்துவப் படிப்புக்குப் பின் மூன்றாண்டு முதுநிலைப் பயிற்சி பெற்றவர்கள். கடைவாய்ப் பல் அகற்றுவதிலிருந்து விபத்தில் உடைந்த முக எலும்புகளைப் பொருத்துவது வரை அவர்களுடைய பணி விரிகிறது. தாடை வலியோடு வருபவரை அவர்கள் பரிசோதிக்கும் முறை கருவிகளை அதிகம் நம்பாதது: தசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து வலிக்குமிடத்தைத் தேடுவது, திறக்கும்போது தாடை எப்பக்கம் சாய்கிறது என்று கவனிப்பது, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையிலான தூரத்தை அளவுகோலால் அளப்பது ஆகியவையே அதில் முதன்மையானவை. நோயாளி தன் கைவிரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்க முடிந்தால், அதாவது 40 மில்லிமீட்டர் அளவுக்கு வாய் திறந்தால், இயக்கம் இயல்பானதென்று கொள்ளலாம். எலும்பைக் காண சி.டி. படமும் வட்டைக் காண எம்.ஆர்.ஐ. படமும் உதவுகின்றன என்றாலும், எந்தத் தொல்லையும் இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வட்டு நழுவியிருந்தது தெரியவந்தது. ஆகவே படத்தில் தெரியும் பிறழ்வைக் கண்டவுடன் அதுவே வலிக்குக் காரணம் என்று முடிவுகட்ட இயலாது.

தாடை மூட்டுக் கோளாறு போலத் தோன்றி, முற்றிலும் வேறாக அமையும் நோய்களையும் அதே அமர்வில் விலக்கிப் பார்க்க வேண்டியுள்ளது. பாக்கும் குட்காவும் மெல்லும் பழக்கமுடையவருக்கு வாய் சிறுகச் சிறுகத் திறக்க முடியாமற்போனால், குற்றம் மூட்டில் இல்லை. கன்னத்தின் உட்தோல் நாராக இறுகியிருக்கும், அது பின்னர் புற்றாக மாறக்கூடியதும் ஆகும். ஐம்பதைக் கடந்தவருக்கு மெல்லும்போது மட்டும் தாடை வலித்து, நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலியும் தோன்றினால், அது பார்வையைப் பறிக்கக்கூடிய தமனி அழற்சியாக இருக்கலாம் என்பதால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. நடக்கையில் தோன்றி, ஓய்வெடுத்தால் தணியும் தாடை வலி இதய நோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

இம்மூட்டைப் பழுதான இயந்திரமாக மட்டுமே கண்ட பார்வை பலமுறை சறுக்கியிருக்கிறது. எடின்பரோவைச் சேர்ந்த தாமஸ் அனன்டேல் 1887இல், நழுவிய வட்டை அறுவை செய்து மீண்டும் இடத்தில் தைத்துப் பொருத்தியதைப் பதிவு செய்தார். 1934இல் அமெரிக்கக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், பற்களை இழந்தவருக்குத் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொண்டு காதருகே உள்ள அமைப்புகளை அழுத்துவதே காதுவலிக்கும் இரைச்சலுக்கும் காரணம் என்றார்; உடற்கூற்றியலாளர்கள் அவ்விளக்கத்தை மறுத்த பிறகும், கடியமைப்பைச் சரிசெய்தால் வலி தீரும் என்ற நம்பிக்கையில் நல்ல பற்களை அராவும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1969இல் டேனியல் லாஸ்கின், மனஅழுத்தத்தால் களைப்புறும் தசைகளே பெரும்பாலான வலிக்கு மூலம் என்று எழுதி எதிர்த்திசையைக் காட்டினார் எனினும், 1970களில் வட்டின் இடப்பெயர்ச்சி மீண்டும் கவனத்துக்கு வந்தபோது அறுவைகள் பெருகின. 1980களில் அமெரிக்காவில் வட்டை அகற்றிவிட்டு அதனிடத்தில் டெஃப்லான் பூசிய செயற்கைத் தகடுகளை வைத்தார்கள்; மெல்லும் அழுத்தத்தில் அவை துகள்துகளாக நொறுங்க, அத்துகள்களை எதிர்த்து உடல் தொடுத்த அழற்சி சுற்றியிருந்த எலும்பையே அரித்தது, சிலருக்கு மண்டையோட்டின் அடித்தளம் வரை. 1990இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்து அவற்றைச் சந்தையிலிருந்து விலக்கச் செய்தபோது, முதல் அறுவைக்கு வந்த காரணத்தைவிடக் கொடிய வலியோடு பலர் வாழ வேண்டியிருந்தது. இத்துறையினரிடம் இன்று காணப்படும் தயக்கம் கோழைத்தனமன்று. அந்தப் பத்தாண்டு கற்பித்தது.

அதற்கு நேர்மாறான சான்று 1991இல் வெளிவந்தது. இஸ்ரேலின் டோரிட் நிட்சானும் அமெரிக்க மருத்துவர்களும், திடீரெனப் பூட்டிக்கொண்ட மூட்டின் மேலறைக்குள் இரண்டு ஊசிகளைச் செலுத்தி, ஒன்றன் வழியே உப்புக் கரைசலைப் பாய்ச்சி மற்றொன்றன் வழியே வெளியேற்றிக் கழுவினர். வட்டு பழைய இடத்துக்குத் திரும்பாதபோதும் வாய் திறந்தது, வலியும் தணிந்தது. மரத்துப்போக ஊசியிட்டு நோயாளி விழித்திருக்கையிலேயே செய்யத்தக்க இம்மூட்டுக் கழுவல், வட்டின் இடத்தைவிட மூட்டின் உயவும் அழற்சியும் முக்கியம் என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியது. ஜப்பானின் ஓனிஷி 1975இல் அறிமுகப்படுத்திய உள்நோக்கி, அதாவது நுண்குழாய் வழியே மூட்டின் உட்புறத்தைக் காணும் கருவியும் திறந்த அறுவையின் தேவையைக் குறைத்தது.

இன்றைய நடைமுறையில் முதலில் பரிந்துரைக்கப்படுவன எளியவை: சில வாரங்கள் மென்மையான உணவு, கொட்டாவி விடுகையில் மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுதல், வெந்நீர் ஒத்தடம், குறுகிய காலத்துக்கு வலி மருந்து, பயிற்சியாளர் கற்றுத்தரும் தாடைப் பயிற்சிகள். பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2023இல் வெளிவந்த நாட்பட்ட தாடை வலிக்கான வழிகாட்டுதல், இப்பயிற்சிகளையும், வலி குறித்த எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. வட்டை அகற்றுவதையும், கடியமைப்பை நிரந்தரமாக மாற்றும் பற்கவசங்களையும் அதே உறுதியோடு வேண்டாமென்கிறது. இரவில் அணியும் சாதாரண பற்கவசம், மூட்டுக் கழுவல், போட்டுலினம் ஊசி ஆகியவற்றைக்கூட நாட்பட்ட வலிக்குப் பொதுவாகத் தவிர்க்கலாம் என்பது அதன் நிலைப்பாடு. பற்கவசத்தால் பயனடைந்தவர்களை நாள்தோறும் காணும் மருத்துவர்கள் சிலர் இதை ஏற்கவில்லை; பற்தேய்மானத்தைத் தடுக்க அது உதவும் என்பதால் அவர்களுடைய வாதத்தை எளிதில் ஒதுக்கவும் இயலாது.

அறுவை மருத்துவரின் கை தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு. கொட்டாவியில் குமிழ் முன்பக்கம் நழுவி வாய் மூடாமல் நின்றுவிட்டால், கட்டைவிரல்களால் கீழ்க்கடைவாய்ப் பற்களை அழுத்திப் பின்னால் தள்ளி இடத்தில் சேர்க்க வேண்டும். பண்டை எகிப்தியர் எழுதிவைத்த இம்முறை பெரிதும் மாறவில்லை. சுசுருத சங்கிதையும் ஒத்தடமிட்டு, தாடையை இருத்திக் கட்டுப்போடச் சொல்கிறது. தேய்ந்தோ சிதைந்தோ மீட்க முடியாத மூட்டுக்கு, டைட்டானியமும் கோபால்ட் குரோமியக் கலவையும் பாலிஎத்திலீனும் கொண்ட செயற்கை மூட்டு பொருத்தப்படுகிறது, சி.டி. படத்தைக் கொண்டு நோயாளியின் எலும்புக்கேற்ப வடிவமைக்கும் வகையும் அதில் உண்டு.

ஆனால் இந்தியச் சூழலில் கத்தியை அதிகம் வேண்டி நிற்பது மூட்டு ஒட்டிப்போதல் எனும் நிலையே. குழந்தை மோவாயில் அடிபட விழும்போது குமிழ் உடைந்து, கவனிக்கப்படாமல் விடப்பட்டால், மாதங்களில் அது குழியோடு எலும்பாக இணைந்துவிடுகிறது. வாய் திறவாததால் உணவும் பல் துலக்குதலும் தடைப்பட, வளரவேண்டிய தாடை குறுகி, உறக்கத்தில் மூச்சே தடைப்படும் நிலையும் உண்டாகிறது. வாய் திறக்காத குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதே தனிக் கலை. மூக்கின் வழியே வளையும் நோக்கியைச் செலுத்தி மூச்சுக்குழாயை அடைகிறார்கள். ஒட்டிய எலும்பை வெட்டி நீக்கி, இடையில் நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு பகுதியை மடித்து வைத்தபின், விலா எலும்பின் குருத்தைக் கொண்டு வளரக்கூடிய புதுக் குமிழும் அமைக்கப்படுவதுண்டு. அறுவை முடிந்த சில நாட்களிலேயே, வலித்து அழுதாலும், குழந்தையை வாய்திறக்கும் பயிற்சி செய்ய வைக்க வேண்டும். பெற்றோர் அதைப் பல மாதங்களுக்கு விடாமல் தொடராவிட்டால் மூட்டு மீண்டும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், வீட்டுக்கு அனுப்புமுன் மருத்துவர் தாய்க்கும் தந்தைக்கும் அப்பயிற்சியைச் செய்துகாட்டி, அவர்களையும் செய்யவைத்துப் பார்க்கிறார்.