பல்லாவரத்துக் கல்

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறந்திருக்கிறீர்களா? விமானம் இறங்கும் மீனம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர் பல்லாவரம். தாத்தா பாட்டியைப் பார்க்கும் அவசரத்தில் அந்த ஊரை யார் கவனிக்கப் போகிறார்கள்? இன்று கொஞ்சம் கவனிப்போம்.

1863ஆம் ஆண்டு, மே 30. பல்லாவரத்தில் சரளைக் கல்லுக்காக வெட்டிய குழி ஒன்று. அதன் அருகே கொட்டிக் கிடந்த கற்களை ராபர்ட் புரூஸ் ஃபூட் பார்த்துக்கொண்டிருந்தார். பாறைகளை ஆராய்வதுதான் அவருடைய உத்தியோகம். ஒரு கல்லை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது கற்கால மனிதர் செய்த கைக்கோடரி!

“உடைந்த கல் எங்கேயும்தான் கிடக்கும். இதை மனிதர் செய்தார் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்கிறீர்கள்தானே? சபாஷ்! கெட்டிக்காரக் கேள்வி.

கைக்கோடரி பார்ப்பதற்குப் பெரிய மாங்கொட்டை மாதிரி இருக்கும். அடி அகலம், நுனி கூர்மை, ஓரம் மெலிவு. ஒரு கல்லின் ஓரத்தில் இன்னொரு கல்லால் ஓங்கித் தட்டினால் சில்லு ஒன்று தெறிக்கும். சில்லு போன இடத்தில் ஆழமில்லாத குழி விழும். ஆற்றில் உருண்டு அடிபட்ட கல்லிலும் இப்படிக் குழி இருக்கலாம். ஆனால் அது எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று என்று இருக்கும். கைக்கோடரியிலோ ஓரம் நெடுகக் குழிகள். கல்லைப் புரட்டினால் மறுபக்கமும் அதே மாதிரி. யாரோ ஒருவர் தட்டி, புரட்டி, மறுபடி தட்டியிருக்கிறார்!

புரிகிறதா? இல்லாவிட்டால் இன்னொரு முறை படியுங்கள். அவசரமே இல்லை.

ஐரோப்பாவில் கைக்கோடரி செய்யச் சிக்கிமுக்கிக் கல் வாகாகக் கிடைத்தது. சென்னைப் பக்கத்தில் கிடைத்தது குவார்ட்சைட் என்ற கெட்டியான கல். கையில் கிடைத்ததை வைத்தே வேலையை முடித்திருக்கிறார்கள், சமர்த்தர்கள்!

அதே 1863இல், கொசஸ்தலை ஆற்றின் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் ஃபூட்டும் அவர் நண்பர் வில்லியம் கிங்கும் இத்தகைய கருவிகளைக் கண்டார்கள். பிற்காலத்தில் சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞர் தம் குழுவோடு அங்கே பொறுமையாக அகழ்ந்தார். அங்கே கிடைத்த கருவிகளுக்கு என்ன வயது? கல்லுக்கு வயது பார்க்க ஒரு வழி உண்டு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டால் கல்லுக்குள் சில அபூர்வ அணுக்கள் உண்டாகும். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் அவை மெல்ல மெல்லக் குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால், எப்போது புதைந்தது என்று கணக்கிடலாம்.

அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு 2011இல் வெளியான விடை: சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! நம்மைப் போன்ற மனிதர் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். அப்படியென்றால் அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நமக்கு முந்திய மனித இனத்தார். எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஃபூட் சேர்த்துவைத்த கருவிகள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த முறை சென்னைக்குப் போனால் அப்பா அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள். கற்கருவிகளுக்கு முன்னால் நின்று, ஒரு கல்லில் எத்தனை குழிகள் தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தது அத்தனை தட்டு!