கார்பனைப் பிடிக்கும் ‘ஸ்பாஞ்ச்’: உள்ளே என்ன நடக்குது?

ஆலைப் புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க, நுண்துளைகள் நிறைந்த ‘மாஃப்’ பொருள்களை விஞ்ஞானிகள் சோதிக்கிறார்கள். இவற்றை உருவாக்கிய மூவருக்குத்தான் 2025 வேதியியல் நோபல்.

எவ்வளவு வாயு உள்ளே போச்சு என்பதை எடை போட்டாலே சொல்லிவிடலாம். ஆனால், அது துளைச் சுவரில் சும்மா ஒட்டியிருக்கிறதா, வேதிப் பிணைப்பில் மாட்டிக்கொண்டதா?

இங்கேதான் என்எம்ஆர் கைகொடுக்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேனின் அதே தத்துவம். இயற்கைக் கார்பனில் 1.1 சதவீதமே உள்ள கார்பன்-13 தான் இதில் சிக்னல் தரும். பிணையாத கார்பன் டை ஆக்சைடு 125 பிபிஎம் அருகே தெரியும். மாஃபில் சேர்த்த அமீனுடன் பிணைந்து கார்பமேட் ஆனால் 160-ஐத் தாண்டிவிடும்.

இது ஏன் முக்கியம்? பிணைப்பு வலுவானால், வாயுவை வெளியேற்றி மாஃபை மறுபடி பயன்படுத்த அதிக வெப்பம் வேண்டும். செலவும் எகிறும். பிடிப்பது பாதி வேலைதான், விடுவிப்பது மீதி!