எரியுறது மருந்தா, கூட வர்றதா?

வீட்டுல யாராவது கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போடுறாங்கன்னா, இந்த டயலாக்கைக் கேட்டிருப்பீங்க: "போட்டா எரியுது, போடலைன்னா நல்லாத்தான் இருக்கு." இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

கிளாக்கோமாவுல பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா சேதமாகுது. பெரும்பாலும் வலி கிடையாது. ஓரப் பார்வை குறையுறது லேசுல தெரியாது. போன பார்வை திரும்பவும் வராது. மிச்சத்தைக் காப்பாத்தணும்னா கண் அழுத்தத்தைக் குறைக்கணும். அதுக்குத்தான் தினமும், வருஷக்கணக்கா இந்தச் சொட்டு. நோய் வலிக்காது, மருந்து எரியும். நிறைய பேர் மருந்தை விட்டுடுற இடம் இதுதான்.

ஏன் எரியுது? ஒரு ஆப் க்ராஷ் ஆனா, நாங்க எழுதின கோடை மட்டும் பார்க்க மாட்டோம். அதுகூட சேர்த்த லைப்ரரியையும் பார்ப்போம். இங்கயும் பாட்டில்ல மருந்து மட்டும் இல்ல. திறந்த பிறகு கிருமி வளராம இருக்க ப்ரிசர்வேட்டிவ் சேர்க்கிறாங்க. அதிகம் பயன்படுறது பென்சால்கோனியம் குளோரைடு. லட்டானோப்ரோஸ்ட் மருந்தோட ஒரிஜினல் பிராண்டான சலாட்டன்ல இது 0.02 சதவீதம்.

இது டிடர்ஜென்ட் வகை. கிருமியோட சவ்வைச் சிதைக்கிற அதே வேலையை நம்ம செல்கிட்டயும் காட்டும். கண்ணீருக்கு மேல ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கு; கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாம அதுதான் பார்த்துக்குது. டிடர்ஜென்ட் அதைக் கலைச்சிடும். கண்ணீரைக் கண்மேல ஒட்டவைக்கிற வழவழப்பான மியூசினைச் சுரக்கிற கோப்லெட் செல்கள் குறையும். கருவிழியோட மேல் செல்களுக்கு நடுவுல இருக்கிற பிணைப்பும் தளரும். விளைவு: எரிச்சல், மண் விழுந்த மாதிரி உறுத்தல், சிவப்பு.

ஒரு சொட்டுல பெருசா எதுவும் ஆகாது. ஆனா ரெண்டு பாட்டில், ஒரு நாளைக்கு ரெண்டு வேளைன்னா, ஒரு கண்ணுக்கு வருஷத்துக்கு 1,460 சொட்டு!

பழி முழுக்க ப்ரிசர்வேட்டிவ் மேலயும் இல்ல. லட்டானோப்ரோஸ்ட்டே கண்ணைச் சிவக்க வைக்கும். பிரிமோனிடின் சிலருக்கு அலர்ஜி ஆகும். வயசானவங்களுக்குக் கண் வறட்சி ஏற்கெனவே இருக்கலாம். எது காரணம்னு டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

இதைச் சும்மா சகிச்சுக்கவும் வேண்டாம். வெண்விழியை மூடியிருக்கிற சவ்வுல அழற்சி நீடிச்சா, பின்னாடி கிளாக்கோமா ஆபரேஷன் தேவைப்படும்போது தழும்பு கூடி, அது பலன் தராம போற வாய்ப்பு அதிகமாகும்.

அப்போ என்ன செய்யலாம்? மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. "எரியுது, ப்ரிசர்வேட்டிவ் இல்லாதது இருக்கா?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ரெண்டு மருந்து ஒரே பாட்டில்ல வர்றது, லேசர் சிகிச்சைன்னு வேற வழிகளும் உண்டு. ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும். அடுத்த மருந்துக்கு 5 நிமிஷம் இடைவெளி விடுங்க. வழிஞ்சதைத் துடைச்சிடுங்க.

அடுத்த செக்கப்புக்கு வீட்டுப் பெரியவங்களோட நீங்களும் போங்க. எரிச்சலைப் பத்தி அவங்க டாக்டர்கிட்ட வாயே திறக்காம வந்துடலாம். நீங்க சொல்லுங்க.