பொதிகையில் பாறு பறக்க வேண்டுமானால்

பிணந்தின்னிக் கழுகு என்று பொதுவாக அறியப்படும் பாறு, தமிழ்நாட்டில் இன்று கூட்டமாகக் கூடு கட்டிக் குஞ்சு வளர்த்து வாழும் பகுதி ஏறத்தாழ ஒன்றே. அது நீலகிரியின் வடசரிவுக்குக் கீழே முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஓடும் மாயாற்றின் பள்ளத்தாக்கு. அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டுத் திருநெல்வேலி வழியாகக் கடலை நோக்கிச் செல்லும் தாமிரபரணியின் பள்ளத்தாக்கில், செங்குத்தான பாறைகளும் ஆற்றங்கரை மருத மரங்களும் 1988 முதல் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் இருந்தும், அத்தகைய கூட்டம் இல்லை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் 2023 டிசம்பர் இறுதியில் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் நெல்லை வனக்கோட்டமும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் பதிவான 320 பாறுகளும் முதுமலை (78), பந்திப்பூர் (73), சத்தியமங்கலம் (70), வயநாடு (52), நாகரஹொளே (33), பிலிகிரி ரங்கசாமி மலை (14) ஆகிய ஆறு காடுகளிலேயே காணப்பட்டன.

அருகன்குளத்து ஜடாயு தீர்த்தமும், முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட கழுகுமலையும் இப்பறவையின் நினைவைத் தாங்கி நிற்கும் நாட்டில், அதை மீண்டும் குடியேற்ற முடியுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. இதற்கு விடை காணுமுன், பாறுகள் எதனால் அழிந்தன என்பதையும், மாயாற்றில் மட்டும் ஏன் எஞ்சின என்பதையும் புரிந்துகொள்வது தேவையாகிறது.

ஊசியில் தொடங்கிய அழிவு

தமிழ்நாட்டில் காணப்படும் பாறுகள் நான்கு வகைப்படும். உயர்ந்த மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு, செங்குத்துப் பாறை இடுக்குகளில் வாழும் கருங்கழுத்துப் பாறு, தனித்தனி இணைகளாகத் திரியும் செந்தலைப் பாறு, திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் நண்பகல் உணவுக்கு வந்து பெயர்பெற்ற, உருவில் சிறிய மஞ்சள்முகப் பாறு என்பன அவை. 1990-களின் தொடக்கம் வரை இந்தியாவெங்கும் எண்ணிக்கையில் மிகுந்திருந்த வெண்முதுகுப் பாறு, 1992-க்கும் 2007-க்கும் இடையே 99.9 விழுக்காடு குறைந்துபோனது; கருங்கழுத்துப் பாறும் அதற்கு நெருங்கிய உறவான மற்றோர் இனமும் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு அழிந்தன.

கொள்ளைநோய் என்று முதலில் ஐயுறப்பட்ட இவ்வழிவின் காரணம், பாகிஸ்தானில் இறந்த பறவைகளை ஆராய்ந்த குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வால் தெளிவாயிற்று. மாடுகளுக்கு வலியும் வீக்கமும் தணிய ஊசியாகப் போடப்பட்ட டைக்குளோபினாக் என்ற மருந்து, ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்துவிட்டால் அதன் உடலிலேயே தங்கிவிடுகிறது. அந்த இறைச்சியை உண்ணும் பாற்றின் சிறுநீரகம் செயலிழந்து, வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மீது வெண்படலமாகப் படிந்து, பறவை சில நாட்களில் இறக்கிறது. ஒரே சடலத்தில் பல பத்துப் பறவைகள் கூடி உண்பதால், மருந்து கலந்த சடலங்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால்கூட இத்தகைய வீழ்ச்சி நேரும் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. இணை ஒன்று ஆண்டுக்கு ஒரு முட்டையே இட்டு, குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்ய ஏறத்தாழ ஐந்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் இனத்தால் இழப்பை விரைவில் ஈடுசெய்ய இயலாது.

மாயாற்றில் இவை தப்பியதற்கு, அங்குள்ள பாறுகள் பெரும்பாலும் ஊர் மாடுகளை நம்பாமல், புலியும் சிறுத்தையும் செந்நாயும் வீழ்த்திய காட்டு விலங்குகளின் மிச்சத்தை உண்டு வாழ்ந்ததே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. மழைமறைவுப் பகுதியான அந்தப் பள்ளத்தாக்கில் முள்மரக் காடும் திறந்த வெளியும் கலந்திருப்பதால் வானிலிருந்து இரையைக் காண்பது எளிது. ஆற்றோரத்து நீர்மருதுகள் கூடு கட்ட உயரம் தருகின்றன.

மாயாற்றில் நடந்த வேலை

காரணம் தெரிந்தபின் சட்டம் படிப்படியாக இறுகியது. கால்நடைகளுக்கான டைக்குளோபினாக் 2006-இல் தடை செய்யப்பட்டது. ஆயினும் மனிதருக்கென விற்கப்பட்ட பெரிய குப்பிகள் மாட்டுக்கொட்டகைக்குள் தொடர்ந்து நுழைந்ததால், 2015-இல் மனிதப் பயன்பாட்டுக் குப்பியின் அளவும் 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்தது. பாறுகளுக்குக் கேடு விளைவிக்கும் கீட்டோபுரோபென், அசிகுளோபினாக் ஆகியவை 2023-இலும், நிமிசுலைடு 2024 டிசம்பரிலும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. இவற்றுக்கு மாற்றாக மெலாக்சிகாமும் டால்பினமிக் அமிலமும் உள்ளன. இவை பாறுகளுக்குத் தீங்கற்றவை என ஆய்வுகள் காட்டியுள்ளன.

சட்டம் காகிதத்திலிருந்து கொட்டகைக்கு வந்துசேர ஆள் வேண்டியிருந்தது. கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பு, மாயாற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் கால்நடை வளர்ப்போர், மருந்துக் கடைக்காரர்கள், கால்நடை மருத்துவர்கள் ஆகியோரிடையே இச்செய்தியைப் பல ஆண்டுகளாகக் கொண்டுசென்றது. மாட்டைக் கொன்ற சிறுத்தையைப் பழிவாங்க எஞ்சிய சடலத்தில் நஞ்சு வைக்கும் பழக்கத்தால் பாறுகளும் சேர்ந்து மடிவதால், இழப்பீடு விரைவில் கிடைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியாயிற்று. தமிழ்நாடு அரசு 2022-இல் மாநில அளவிலான பாறு பாதுகாப்புக் குழுவை அமைத்தது. 2023 பிப்ரவரிக் கணக்கெடுப்பில் 246 ஆக இருந்த எண்ணிக்கை அதே ஆண்டு டிசம்பரில் 320 ஆனது. இந்த வேறுபாட்டில் கணக்கெடுத்த இடங்களும் பருவமும் மாறியதன் பங்கும் இருக்கக்கூடும் என்பதால் முழுவதையும் பெருக்கம் என்று கொள்ள இயலாது. எனினும் கூட்டம் குலையவில்லை என்பதற்கு அது சான்று.

கூண்டிலிருந்து வானுக்கு

மலைநாட்டிலிருந்து மறைந்த பாறுகளை மீண்டும் குடியேற்றிய முன்னோடிகளுள் ஒன்று ஐரோப்பாவின் ஆல்ப்ஸ். வேட்டையால் அங்கு அற்றுப்போன தாடிப் பாறு, கூண்டில் வளர்க்கப்பட்டு 1986-இல் ஆஸ்திரியாவில் விடுவிக்கப்பட்டது. 1997-இல் பிரான்ஸில் முதல் குஞ்சு இயற்கையில் பொரிந்தது. அழிவுக்குக் காரணமான துப்பாக்கி அதற்குள் ஓய்ந்திருந்தது என்பதே அந்த வெற்றியின் அடிப்படை.

இந்தியாவில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம், ஹரியானாவின் பிஞ்சூரில் தொடங்கி மேற்கு வங்கம், அசாம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும் மாநில அரசுகளோடு இணைந்து இனப்பெருக்க மையங்களை நடத்துகிறது. அங்கே வளர்ந்த வெண்முதுகுப் பாறுகள் 2020 அக்டோபரில் முதன்முறையாகப் பிஞ்சூரில் விடுவிக்கப்பட்டன; 2024 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச், தடோபா புலிகள் காப்பகங்களுக்கு மேலும் இருபது பறவைகள் கொண்டுசெல்லப்பட்டன. இவை நேரடியாகப் பறக்கவிடப்படுவதில்லை. விடுவிக்கும் இடத்திலேயே பெரிய கூண்டில் பல மாதங்கள் தங்கவைக்கப்பட்டு, சுற்றுப்புறத்தையும் பிற பறவைகளையும் பழகியபின், இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தி வெளியே விடப்படுகின்றன. தடோபாவிலிருந்து அவ்வாறு சென்ற வெண்முதுகுப் பாறு ஒன்று, பல மாநிலங்களைக் கடந்து சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து தமிழ்நாட்டை வந்தடைந்தது. ஒரு காப்பகத்தின் எல்லைக்குள் பாற்றைக் காப்பது என்ற எண்ணம் பொருளற்றது என்பதை இப்பயணம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது.

தாமிரபரணிக்கான கணக்கு

பாறுகள் இவ்வாறு நெடுந்தொலைவு பறப்பதால்தான் 'பாறு பாதுகாப்பு வளையம்' என்ற கருத்து உருவானது. கூடு கட்டும் இடத்தைச் சுற்றி 100 கிலோமீட்டர் ஆரத்தில், அதாவது ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், நச்சு மருந்து கலந்த சடலம் இல்லாதிருப்பதை உறுதிசெய்வதே அதன் நோக்கம். முண்டந்துறையை மையமாகக் கொண்டு இந்த வட்டத்தை வரைந்தால், அதில் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் பெரும்பகுதியும் ராஜபாளையம் வட்டாரமும், மலைக்கு அப்பால் திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா பகுதிகளும் அடங்கும். மேலப்பாளையம் கால்நடைச் சந்தையில் கைமாறும் ஆடுமாடுகளும், அறுவடை முடிந்த வயல்களில் கீதாரிகள் கிடைபோடும் செம்மறிகளும், அவற்றுக்கு ஊசிமருந்து விற்கும் கடைகளும் அவ்வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

உணவும் ஒரு தடையாகும். பொதிகையின் மேற்பகுதி அடர்ந்த பசுமைமாறாக் காடு. மரக்கூரையின் கீழ் கிடக்கும் சடலம் மேலே வட்டமிடும் பறவையின் கண்ணுக்கு எட்டாது. முண்டந்துறைப் பீடபூமியும் கிழக்குச் சரிவின் வறண்ட காடுகளும் மட்டுமே மாயாற்றை ஓரளவு ஒத்தவை. சமவெளியிலோ முதிர்ந்த மாடுகள் பெரும்பாலும் புளியரை வழியாகக் கேரளத்துக்கு இறைச்சிக்காகச் செல்கின்றன; ஊரில் இறப்பவை புதைக்கப்படுகின்றன. எனவே இன்றைய நிலையில் கூண்டு கட்டிப் பறவைகளை இறக்குவது, பசிக்கும் நஞ்சுக்கும் இடையே அவற்றை நிறுத்துவதாகவே முடியும்.

ஆயினும் முன்வேலையைத் தொடங்குவதற்குப் பறவை வந்துசேரக் காத்திருக்க வேண்டியதில்லை. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது; இறந்த மாடுகளின் ஈரலில் மருந்தெச்சத்தை ஆண்டுதோறும் சோதித்து முடிவை வெளியிடும் பணியை அதனிடம் ஒப்படைக்கலாம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளின் விற்பனைப் பதிவேட்டை ஆராயலாம். கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர் மருந்தகங்களில் மெலாக்சிகாமைத் தட்டின்றி வைக்கலாம். வனத்துறை, விபத்திலும் வேட்டை விலங்காலும் இறந்த காட்டுயிர்களைப் புதைக்காமல் திறந்த பாறை வெளிகளில் விட்டுக் கண்காணிக்கலாம். இவ்வேலைகளுக்கு ஆகும் செலவு ஓர் இனப்பெருக்க மையத்தின் செலவை விடக் குறைவாக இருக்கக்கூடும். பயனோ மனிதருக்கும் உண்டு. பாறுகள் மறைந்த பகுதிகளில் அழுகும் சடலமும் தெருநாயும் பெருகியதன் விளைவாக 2000-க்கும் 2005-க்கும் இடையே இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் பறிபோயின என்று பொருளியலாளர்கள் இயால் பிராங்க், அனந்த் சுதர்ஷன் ஆகியோர் 2024-இல் மதிப்பிட்டனர்.

தடோபாவிலிருந்து தமிழ்நாடு வரை ஒரு பறவையால் வர முடியுமானால், மாயாற்றின் கூட்டம் பெருகும்போது அதன் இளம் பறவைகள் மலைத்தொடரைப் பிடித்துத் தெற்கே வருவதற்கும் வாய்ப்புண்டு. அவ்வாறு வரும் பறவை உண்ணும் முதல் சடலம் தூய்மையாக இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அம்பாசமுத்திரத்து மருந்துக் கடைக்கும் மேலப்பாளையத்துச் சந்தைக்கும் உரியது. தொடர்ந்து சில ஆண்டுகள் சோதித்த ஈரல்களில் நச்சு மருந்து தென்படவில்லை என்ற முடிவு கையில் கிடைத்தபின் எடுக்கும் மறுகுடியேற்ற முடிவே அறிவியல் முறையானதாக அமையும்.