டீ-ஷர்ட்டுக்கு வைத்த கைரேகை

கல்லூரி திறந்த முதல் வாரத்திலும் கல்ச்சுரல்ஸ் நடக்கும் நாட்களிலும் கேன்டீன் ஓரமாகக் குடை ஸ்டால்கள் முளைத்துவிடும். ஒரு மேஜையில் சிம் கார்டு, அடுத்ததில் வங்கிக் கணக்கு, அதற்கடுத்து கிரெடிட் கார்டு, பங்குச்சந்தை ஆப். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கீ-செயின், பதிவு செய்தால் டீ-ஷர்ட், நண்பர்களைக் கூட்டிவந்தால் இயர்போன். கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பதிலுக்கு ஆதார் எண், கைரேகை, ஓ.டி.பி. என்று கேட்கிறார்கள் என்றால், உங்கள் பேரில் ஏதோ ஒன்று தொடங்கப்படுகிறது. அது என்னவென்று தெரியாமல் அந்த மேஜையை விட்டு நகரக் கூடாது. பின்னால் போலீஸோ வங்கியோ தேடிவருவது அந்தப் பேரைத்தான்.

சிம் ஸ்டாலில் நடக்கும் ஒரு வேலையைப் பாருங்கள். சின்னக் கருவியில் பெருவிரலை வைக்கச் சொல்வார்கள். வைத்ததும், "ரேகை சரியா விழல தம்பி, துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க" என்பார்கள். முதல் தடவையே விழுந்திருக்கும். இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம் உங்கள் பேரில் உயிர்பெற்று அவர் பைக்குள் போய்விடும். மோசடிக் கும்பல்களுக்கு சிம் விற்றுக் கைதான முகவர்களின் வழக்குகளில் திரும்பத் திரும்ப வெளியே வந்த தந்திரம் இது. ஆகவே இரண்டாம் தடவை வைக்கச் சொன்னால், முதல் முயற்சி ஏன் தோற்றது என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் டீ-ஷர்ட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஏற்கெனவே ரேகை வைத்துவிட்டீர்களா? தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்து உள்ளே போனால், உங்கள் பேரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்று பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் 'இது என் எண் இல்லை' என்று அங்கேயே புகார் செய்யலாம். ஒருவர் பேரில் அதிகபட்சம் 9 சிம் என்பது வரம்பு. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி வரம்பு மீறினால் முதல் தடவை 50,000 ரூபாய் வரை அபராதம். ஆள்மாறாட்டமோ மோசடியோ செய்து சிம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆதார் தளத்திலும் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் ஆதார் எப்போது, எதற்காகச் சரிபார்க்கப்பட்டது என்ற விவரத்தைப் பார்க்கலாம், கைரேகையைப் பூட்டியும் வைக்கலாம். பூட்டிவிட்டால் எந்த ஸ்டால்காரர் கருவியிலும் உங்கள் விரல் வேலை செய்யாது. இதற்குப் பத்து நிமிடம் கூட ஆகாது. ஆனாலும் பெரும்பாலோர் செய்வதில்லை.

சிம்மை விட ஆபத்தானது வங்கிக் கணக்கு. இங்கே ஏமாற்றுபவர் பெரும்பாலும் அந்நியர் இல்லை. ஹாஸ்டல் சீனியர், அல்லது அவருக்குத் தெரிந்த ஒரு அண்ணன். "உன் அக்கவுன்ட்டும் ஏ.டி.எம். கார்டும் ஒரு மாசத்துக்குக் கொடு, சும்மாதானே கிடக்கு, கமிஷன் தர்றேன்" என்பார். சில ஆயிரம் ரூபாய் கைக்கு வரும். அந்தக் கணக்கு வழியாக ஓடுவது யாரோ ஒரு ஓய்வூதியக்காரரிடம் வீடியோ அழைப்பில் போலீஸ் வேடத்தில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பறித்த பணமாக இருக்கும். பாதிக்கப்பட்டவர் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழைத்ததும் பணம் போன பாதையில் உள்ள கணக்குகள் ஒவ்வொன்றாக முடங்கும். முதல் கணக்கு உங்களுடையது. வேறு மாநிலக் காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வரும்போது அந்த அண்ணன் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லலாம். கமிஷன் வாங்கியிருந்தால் அதை யாரும் நம்பமாட்டார்கள்.

தப்பே செய்யாமலும் கணக்கு முடங்குவதுண்டு. பழைய போனை ஆன்லைனில் விற்றீர்கள், வாங்கியவர் அனுப்பியது திருட்டுப் பணம் என்றால் போதும். அப்போது வங்கிக் கிளையில் வாய்ப்பேச்சாகக் கேட்டுத் திரும்பாமல் கடிதம் கொடுங்கள். எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்த விசாரணை அதிகாரிக்கு, பணம் எதற்காக வந்தது என்பதற்கான ஆதாரத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதிக் கணக்கை இயங்கவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. கடிதத்தில் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண் இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி உண்டு.

கிரெடிட் கார்டு விஷயத்தில் சட்டம் மாணவர் பக்கம் இருக்கிறது என்றே சொல்லலாம். கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படி அனுப்பி, உங்கள் சம்மதமில்லாமல் இயக்கிவைத்துக் கட்டணமும் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்புவதோடு அதைப்போல் இரண்டு மடங்கை வங்கி உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாட்களில் மூட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய். இந்த விதிகள் ஸ்டாலில் நிற்பவருக்குத் தெரியாமலிருக்கலாம், வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு நன்றாகத் தெரியும். அவர் 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். உதவி எண் 14448. இன்னொன்றும் உண்டு. முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 18 வயது நிரம்பியிருக்காது. நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பதினேழு வயதுப் பிள்ளையின் கையெழுத்தைக் காட்டிக் கட்டணம் கேட்டு வருபவரிடம் பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை.

இனி கலெக்‌ஷன் பைத்தியத்துக்கு வருவோம். நல்ல பைத்தியம்தான், குறை சொல்ல மாட்டேன். நாணயம், தபால்தலை, ஹாட் வீல்ஸ் கார், பெட்டியைத் திறக்கும்வரை உள்ளே என்ன பொம்மை என்று தெரியாத பிளைண்ட் பாக்ஸ் என்று ஆளுக்கொன்று. அரிய மாடல் கார் ஒன்று கடையின் கொக்கியில் தொங்குவதற்கு முன்பே உள்ளே எடுத்துவைக்கப்பட்டு, அட்டையில் அச்சான விலைக்கு மேல் சொல்லப்படும். பொட்டலப் பொருளை அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. அட்டையின் பின்பக்க விலையையும் பில்லையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்தால் அது நிற்கும். பில் தர மறுத்தால் யுபிஐயில் கட்டுங்கள், அந்தக் கடை பேரும் தொகையும் பதிவாகிவிடும். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 'ப்ரீ-புக்கிங், முழுத் தொகை முன்பணம்' என்று கேட்பவரிடம் இந்தப் பாதுகாப்பு எதுவும் செல்லாது. பக்கமே காணாமல் போனால் மிச்சமிருக்கும் வழி சைபர் புகார்தான்.

பழைய நோட்டு மோசடி இன்னும் பெரிது. டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு, 786 என்று முடியும் நோட்டு, வைஷ்ணவ தேவி நாணயம் இவற்றுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வீடியோ வரும். படம் அனுப்பினால் உடனே 'தேர்வாகிவிட்டது' என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக உங்களிடமிருந்தே பணம் போகும். விற்கப்போன உங்களை வாங்குபவர் காசு கட்டச் சொல்கிறார் என்பதிலேயே குட்டு உடைந்துவிட வேண்டும். பழைய நோட்டு, நாணய வியாபாரத்துக்குத் தன் பேரில் கமிஷன் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

சேகரிப்பவர்கள் அதிகம் அறியாத சட்டம் ஒன்று உண்டு. 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை மொத்தம் 10க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ நாணயவியல் சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது நோட்டுகளின் மதிப்பில் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது அபராதம். தாத்தாவின் பெட்டியைக் கிளறும்போது நினைவிருக்கட்டும். வயலிலோ வீட்டுக் கடைக்காலிலோ மண்ணுக்குள்ளிருந்து காசுப் பானை கிடைத்தால் அது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் வரும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கண்டெடுத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தப் பத்து ரூபாய் வரம்பு 1878இல் வைத்தது. மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

கோடை விடுமுறை வந்தால் வீட்டில் டிக்கெட் குமாஸ்தா வேலை கல்லூரிப் பிள்ளையின் தலையில்தான் விழும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது, அது கட்டணமில்லாதது. கூகுளில் தேடி முதலில் வருகிற தளம் காசு கேட்டால் அது அரசுத் தளமில்லை, உங்கள் வண்டி எண்ணையும் போன் எண்ணையும் வாங்கிக்கொள்ளும் யாரோ ஒருவருடையது. அறை பதிவுக்கும் இதே கதைதான். புனிதத் தலங்களுக்குப் போகிறவர்களைக் குறிவைத்துப் போலி விடுதித் தளங்களும் ஹெலிகாப்டர் டிக்கெட் தளங்களும் ஓடுவதாக மத்திய அரசின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. விடுதியின் பேரில் பணம் கேட்டு, தனிநபர் பேரில் க்யூ.ஆர். அனுப்பினால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போட்டுவிட்டிருந்தால் வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருக்காமல் 1930ஐ அழையுங்கள். அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் பிடித்தால்தான் பணம் நிற்கும், ஆகவே முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

போன இடத்தில் ஓட்டல் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' இருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. ஆனால் தண்ணீர் பாட்டிலுக்குச் சண்டை போடுமுன் இடத்தைப் பாருங்கள். ஓட்டல் மேஜையில் பரிமாறும் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பேருந்து நிலையக் கடையில் வாங்கக் கூடாது.

சேகரிப்பும் சுற்றுலாவும் சந்திக்கும் இடம் ராமேஸ்வரம், தனுஷ்கோடி, கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகள். சாதாரணச் சங்கு, சோழி, சிப்பி மாலை வாங்கத் தடையில்லை. பவளத் துண்டு, கடல் விசிறி, உலர்ந்த கடல்குதிரை மூன்றும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மணலில் கிடந்தது, அழகாக இருந்தது என்று எடுத்துப் பையில் போட்டாலும் கையில் வைத்திருப்பதே குற்றம். முதல் அட்டவணை என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். விற்றவரும் குற்றவாளிதான், ஆனால் சோதனைச் சாவடியில் அவர் இருக்கமாட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சேர்ந்த கடல்சார் தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருப்பதால் அங்கே வனத்துறையின் கண்காணிப்பும் உண்டு. மலைக்குப் போனால் புலி நகம், நரிக்கொம்பு என்று காதோரம் கிசுகிசுப்பார்கள். அசலாக இருந்தால் சிறை, போலியாக இருந்தால் பணம் நஷ்டம். வலம்புரிச் சங்கு என்று ஆயிரக்கணக்கில் விற்பதில் அமெரிக்கக் கடலோரச் சங்கு ஒன்றும் கலந்துவருகிறது. அதற்குச் சுழி இயல்பிலேயே அந்தப் பக்கம்தான். மயிலிறகு மட்டும் தானாக உதிர்ந்ததென்றால் நாட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது.

திரும்பி வந்த பிறகு ஒரு போன் வரும். பொருட்காட்சியிலோ பெட்ரோல் பங்க்கிலோ அப்பா நிரப்பிப்போட்ட கூப்பனுக்கு 'இலவச ரிசார்ட் தங்கல்' விழுந்திருக்கிறது, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வர வேண்டும் என்பார்கள். ஏ.சி. அறையில் இரண்டு மணி நேரம் பேசி, இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலை என்று விடுமுறைக் கிளப் உறுப்பினர் ஆக்குவார்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விடாதவரிடம் கையெழுத்து வேண்டாம். கட்டிவிட்டிருந்தாலும் வழி உண்டு. பரிசு என்று சொல்லித் தராமல் விடுவதும், விலைக்குள் அடக்கிவிட்டு இலவசம் போலக் காட்டுவதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் 1915இல் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் மனுவை ஏற்றிவிட்டு, விசாரணைக்குக் காணொலியில் வர அனுமதியும் கேட்கலாம்.