அடித்துப் பழக்க முடியாது

காலை 6 மணி. தாராவியில் ஒரு பொதுக் கழிப்பறை. டப்பாவும் கையுமாக நீண்ட வரிசை. எல்லோருக்கும் லோக்கல் வண்டியைப் பிடிக்கும் அவசரம். அப்பாவின் விரலைப் பிடித்தபடி 3 வயதுப் பையன் உள்ளே போகிறான். உள்ளே இருட்டு, வெளியே கதவைத் தட்டும் சத்தம். பயந்து, அடக்கிக்கொண்டு திரும்புகிறான். வீட்டுக்கு வந்ததும் நிஜாரிலேயே போய்விடுகிறான். முதுகில் அடி விழுகிறது.

அடிக்கு முன் பெற்றோர் அறிய வேண்டியது உண்டு. மலத்தை அடக்கவும் நேரம் பார்த்துக் கழிக்கவும் எந்தக் குழந்தையும் பிறக்கும்போதே கற்று வருவதில்லை.

பிறந்த குழந்தை 48 மணி நேரத்துக்குள் கரும்பச்சையாகக் காட்டு மலம் கழிக்க வேண்டும். பிறகு பால் குடித்த கையோடு போகும். இரைப்பை நிறைந்தால் குடல் அசையும் என்பதே காரணம். ஒன்றரை மாதம் கடந்தபின், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் போகாமலும் இருக்கலாம். மலம் இளகலாக இருந்து, எடையும் கூடினால் கவலை இல்லை. 6 மாதத்துக்குப் பின் சாதம், பருப்பு கொடுத்தால் மலம் கெட்டிப்படும்.

ஆசனவாயை இறுக்கும் தசை மூளைக்குக் கட்டுப்பட, நரம்புகள் முதிர வேண்டும். ஒன்றரை வயதுக்குப் பிறகே இது மெல்லக் கைகூடும். 'வருது' என்று குழந்தை சொல்வதும், மூலையில் ஒளிவதும் அதன் அறிகுறிகள். பெரும்பாலான குழந்தைகள் 4 வயதுக்குள் பழகிவிடும்.

பயந்து அடக்கினால் மலம் நீர் வற்றி இறுகும். அடுத்த முறை வலிக்கும். வலிக்குப் பயந்து மீண்டும் அடக்கும். நாளடைவில் குடல் விரிந்து, உணர்ச்சி மங்கி, இறுகிய மலத்தைச் சுற்றி நீராகக் கசியும். இதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி மருந்து கொடுப்பதும், திமிர் என்று எண்ணி அடிப்பதும் தவறு.

வீட்டு மூலையில் பழைய பேப்பர் விரித்து, காலை ஆகாரம் முடிந்ததும் 5 நிமிடம் உட்கார வையுங்கள். பிறகு கழிப்பறையில் கொட்டிவிடலாம். கீரை, பழம், தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், வயிறு உப்புசம், பச்சை வாந்தி, கைக்குழந்தைக்கு வெளிறிய மலம் ஆகியவை கண்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வண்டி போனால் அடுத்த வண்டி வரும். பிள்ளையின் பயம் அப்படி எளிதில் போகாது.